பதினாறாவது பிரக்கட்

அந்தக் காரில் மொத்தம் பதினாறு பிரக்கட்டுகள் இருந்தன. நான்கு சக்கரங்களையும் தாங்கும் இரும்புக் கைகள் சட்டகத்தோடு சேர்கிற இடங்கள் அவை. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு. பதினைந்தை ஸிபான் வெல்டிங் செய்திருந்தான். இடதுபக்க முன்சக்கரத்தின் கீழ்க்கையைப் பிடித்திருந்த பதினாறாவதைச் செய்தவன் கஜேந்திரன். அது கஜேந்திரனுக்கு மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. அம்பிட்டிய சரிவில், வீட்டுக்கு அடியில் தூண்களுக்கிடையே இருந்த கராஜில், அவன் மல்லாந்து படுத்து மண்ணெண்ணெய் நனைத்த துணியால் காரின் அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை, மடுல்கெல்லயில் மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது அப்பிய செம்மண் இன்னும் மூலைகளில் காய்ந்து கிடந்தது. ஒன்பது மணிக்கு ஸிபான் லொறியோடு வருவான். காரை ஏற்றிக்கொண்டு குருநாகல் பக்கத்துப் பந்தயத் தடத்துக்குப் போகவேண்டும். இன்றும் நாளையும் அங்கே சொந்த வாகனத்தைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். ஓட்டப்போகிறவன் யுகேஷ். கஜேந்திரனின் மனைவி யசோதாவுக்கு ஒரே தம்பி.

இரண்டரை வருட வேலை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டியில் வந்தவை வரைபடமும், சக்கரக் கைகளும், தகடுகளும், ஃபைபரில் வார்த்த மூக்கும்தான். சட்டகத்தை இங்கேயே சதுரக் குழாய்களை வெட்டி ஒட்டிச் செய்யவேண்டியிருந்தது. என்ஜின் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் கிடைத்தது, விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பான் மோட்டர் சைக்கிளுடையது. மோட்டர் சைக்கிள் வளைவில் சாயும், கார் சாயாது. அப்போது எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்கி என்ஜின் வறண்டுபோகும் என்று எங்கோ வாசித்துவிட்டு, எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்தே ஆகவேண்டும் என்று ஆறு மாதம் பிடிவாதமாக நின்றவன் கஜேந்திரன். பிரேக் குழாயின் ஒவ்வொரு மூட்டையும் மூன்று தரம் முடுக்கிப் பார்த்தவனும் அவன்தான். மாநகர சபைக் களஞ்சியத்தில் பதினெட்டு வருடமாக எழுதுவினைஞன். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளில்லை.

ஆனால் சரிபார்த்ததையும் டோர்ச் பிடித்ததையும் தவிர, தன் கையால் ஆனது என்று சொல்ல அந்தக் காரில் ஒன்றும் இல்லையே என்ற எண்ணம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. வெளியே சொல்லமுடியாத அற்ப எண்ணம். அதனாலேயே அது உள்ளே வளர்ந்தது.

எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, ஸிபான் பதினாறு பிரக்கட்டுகளையும் பொட்டுப் பொட்டாக ஒட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக முழு வெல்டிங் போட்டுக்கொண்டு வந்தான். அலவத்துகொடயில் லொறிகளுக்கு உடல் கட்டுகிறவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதன். பதினைந்து முடிந்தபோது மஃரிப் தொழுகை நேரமாகிவிட்டது.

"ஒண்டு மிச்சம் ஈக்கி மச்சான். நாளைக்கு வந்து போடுறேன். அதுல கை வெச்சிராத" என்று சொல்லி முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, இரண்டு கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். யுகேஷ் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று பெயின்ட் அடிக்கிற கொம்ப்ரசரை இரவல் வாங்கி வைத்திருந்தான். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், கஜேந்திரன் ஸிபானின் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

கண்ணாடிக்குள் பச்சை இருட்டு. ஸிபானின் கையில் தேனாய் உருகி ஓடிய இரும்பு அவன் கையில் கோழி எச்சம் போலத் திட்டுத்திட்டாக விழுந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கிரைண்டரை எடுத்துத் தேய்த்தான். தேய்த்து முடிந்தபோது, மற்றப் பதினைந்தையும் விட அதுதான் அழகாக இருந்தது. மறுநாள் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் ஏறியது.

ஸிபான் திரும்பி வந்தபோது கைகளும் சக்கரங்களும் பூட்டியாகிவிட்டன. அந்த இடம் குனிந்தாலும் தெரியாது, படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"எல்லாத்தயும் முடிச்சிட்டா மச்சான் போனேன் நான்? அந்த நேரம் மண்டை மண்டையா இல்ல" என்று கேட்டான்.

கஜேந்திரன் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். முடுக்கி முடித்தான். இன்னொன்றை எடுத்தான். பதில் சொல்லவில்லை. அவன் எப்போதுமே கேட்ட கேள்விக்கு ஆற அமரப் பதில் சொல்கிறவன். பாதிக் கேள்விகளுக்குப் பதிலே சொல்லாதவன். ஸிபான் அந்த மௌனத்தை ஆமென்று எடுத்துக்கொண்டான்.

"நல்லம்" என்றான்.

ஒரு பொய்கூட அங்கே சொல்லப்படவில்லை. எட்டு மாதமாக இதை நினைத்துத்தான் கஜேந்திரன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

யசோதா எட்டு மணிக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலிருந்து வந்தாள். கையில் திருநீறும் சந்தனமும் எலுமிச்சம்பழங்களும் வைத்த தட்டு. பின்னால் யுகேஷ், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயில் எதையோ மென்றபடி.

"வாகனம்னா கோயில் வாசலுக்குக் கொண்டு போவாங்க. இதுக்கு நம்பர் பிளேட்டும் கெடையாது. ஐயர் கேக்குறாரு, வண்டி எங்கம்மான்னு. வீட்டுக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருக்கோம்னேன்."

"பின்னுக்குப் போகத் தெரியாத வண்டின்னு சொன்னியாக்கா?" என்றான் யுகேஷ். மோட்டர் சைக்கிள் என்ஜினுக்கு ரிவர்ஸ் கிடையாது. பின்னால் எடுக்கவேண்டுமென்றால் மூன்று பேர் தள்ளவேண்டும்.

"அதச் சொல்லியிருந்தா இந்தத் திருநீறும் தந்திருக்க மாட்டாரு."

அவள் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் குந்தினாள். மூக்கு இன்னும் மாட்டப்படவில்லை. குழாய்களும் கைகளும் வெளியே தெரிந்தன.

"இங்க வா. எது ஒடிஞ்சா நீ விழுவே? காட்டு."

"என்ன அபசகுனமா கேக்குற?"

"காட்டுடா. ஒடியுற எடத்துல பூசாம வேற எங்க பூசச் சொல்ற?"

யுகேஷ் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். மேல்கை இரண்டு, கீழ்க்கை இரண்டு. அந்தப் பக்கமும் அப்படியே. யசோதா தண்ணீர் விட்டுக் குழைத்த திருநீற்றை மூன்று விரலால் எடுத்து ஒவ்வொரு பிரக்கட்டிலும் பட்டை போட்டாள்.

"போதும் யசோதா. முன்னுக்கு ஒண்ணு வெச்சாப் போதும்" என்றான் கஜேந்திரன்.

"ஒங்க வண்டிக்கு நீங்க எப்படியும் பூசிக்குங்க. இது என் தம்பிக்கு."

அவள் கன்னம் தரையில் முட்டும்படி சாய்ந்து, இடதுபக்கக் கீழ்க்கைவரை கையை நீட்டினாள். விரல்கள் கறுப்புப் பெயின்டின்மேல் ஊர்ந்ததை கஜேந்திரன் பார்த்தான்.

தேங்காய் உடைத்தார்கள். யசோதா தேநீர் போட மேலே போனாள். யுகேஷ் முற்றத்தில் நின்று யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். ஹந்தானைப் பக்கம் மேகம் தாழ்ந்து கிடந்தது. கஜேந்திரன் காரைச் சுற்றி வந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் காலால் நேராக்கினான். பிறகு, ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், இடதுபக்கம் படுத்து உள்ளே பார்த்தான்.

திருநீறு காய்ந்து வெளுத்திருந்தது. மற்றப் பட்டைகள் சுத்த வெள்ளை. பதினாறாவது பிரக்கட்டில் மட்டும், மூன்று பட்டையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடியது. தலைமயிர் அகலம். நிறம் மங்கிய சாம்பல். பிரக்கட்டும் குழாயும் சேர்கிற விளிம்பிலேயே, அளவெடுத்துக் கீறியதுபோல் அது போனது.

அவனுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. ஸிபானின் பட்டறையில் எத்தனையோ தரம் பார்த்ததுதான். லொறியின் பாகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்து, மேலே சோக்குத் தூளைப் பூசுவான். வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடு போடும். காலையில் அவன் மண்ணெண்ணெயால் துடைத்தான். யசோதா திருநீறு பூசினாள். இருவரும் தெரியாமலே பரீட்சையை நடத்தி முடித்திருந்தார்கள்.

அவன் கட்டைவிரலால் அந்தக் கோட்டை அழித்தான்.

ஈரத் திருநீறாக இருக்கலாம். பெயின்ட் மட்டும் வெடித்திருக்கலாம். எழுந்து தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, திரும்பவும் படுத்து, அதே இடத்தில் பூசினான். விரலில் திருநீறும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணத்தன. பார்த்துக்கொண்டே கிடந்தான். மேலே யசோதா கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம். பிறகு விளிம்பில் ஒரு புள்ளி கறுத்தது. புள்ளி நீண்டது. முன்பு இருந்த அதே இடத்தில், அதே நீளத்துக்கு, கோடு திரும்ப வந்தது.

மேலே வீதியில் லொறியின் ஹோர்ன் இரண்டு தரம் கேட்டது.

"ஸிபான் நானா வந்தாச்சு. மூக்க மாட்டிறவா அத்தான்?" என்று யுகேஷ் உள்ளே வந்தான்.

கஜேந்திரன் எழுந்து நின்று கையைத் துணியில் துடைத்தான். யுகேஷ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அத்தான் பேசாவிட்டால் சரி என்று அர்த்தம். சிவப்பு மூக்கைத் தூக்கிப் பொருத்தி, முதல் கிளிப்பை அழுத்தினான். இரண்டாவதை அழுத்தினான். இனி அந்த இடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. நேராக ஓடினால் தாங்கலாம். நேராக மட்டும் ஓடினால். தடத்தில் முதல் நேர்வீதியின் முடிவில் வலதுபக்க வளைவு என்று யுகேஷ் ஒரு மாதமாகக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். வலது வளைவில் காரின் முழுப் பாரமும் இடது முன்சக்கரத்தில்தான் இறங்கும்.

மூன்றாவது கிளிப்.

"கழட்டு" என்றான் கஜேந்திரன்.

"என்ன அத்தான்?"

"மூக்கக் கழட்டு."

குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. அதற்குள் ஸிபான் இரண்டு பலகைகளைத் தோளில் வைத்தபடி சரிவில் இறங்கி வந்துவிட்டான்.

"என்னடாப்பா, மாப்பிளயும் பொண்ணும் ரெடி இல்லையா இன்னம்?"

யுகேஷ் மூக்கைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். கஜேந்திரன் தரையைக் காட்டினான். ஸிபான் பலகைகளை இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படுத்தான். வெகுநேரம் அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. எழுந்து நிற்காமல் தரையிலேயே உட்கார்ந்தான்.

"வெடிச்சீக்கி" என்றான். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "எனக்குத் தெரியும் மச்சான். போன மாசமும் லொறி ஒண்டுல மூட்டு விட்டுச்சி. மகள் சொல்லிட்டே ஈக்கிறா, வாப்பா கண்ணாடிய மாத்துங்க, இல்லாட்டி தொழில விடுங்கன்னு. நான் கேக்கல்ல." யுகேஷை நிமிர்ந்து பார்த்தான். "தம்பி, ஒங்கட உசிரோட வெளயாடிட்டேன் நான். என்ட கையில இனி வேலயில்ல."

இப்போதும் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அதை கஜேந்திரன் மிகத் தெளிவாக உணர்ந்தான். கார் போகப்போவதில்லை, யுகேஷ் பிழைத்துவிட்டான். பிரக்கட்டை மாற்றி ஒட்டிவிடலாம். அந்த ஒரு மௌனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும். ஸிபான் வீட்டுக்குப் போய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

யசோதா தேநீர்த் தட்டோடு படியில் நின்றாள். யுகேஷ் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"அது நான் ஒட்டுனது" என்றான் கஜேந்திரன்.

ஸிபானுக்கு விளங்கவில்லை.

"எது?"

"அந்த ஒண்ணு. நீ மிச்சம் வெச்சிட்டுப் போன ஒண்ணு. ஒன் மாஸ்க்கப் போட்டு நான்தான் ஒட்டுனேன். அசிங்கமா இருந்துச்சி. தேச்சிட்டேன்."

"தேச்சா?"

"ஆமா."

ஸிபான் எழுந்தான். வெல்டிங்கைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அவன் அடிக்கடி சொல்வான். அதை இப்போது சொல்லவில்லை.

"நான் ஒன்னக் கேட்டேன். முடிச்சிட்டா போனேன்னு கேட்டேன். இந்த எடத்துலதான் நின்டுகொண்டு கேட்டேன்."

"கேட்டே."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்டும் சொல்லல்ல" என்று ஸிபான் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னான்.

யுகேஷ் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "போன ஞாயிறு மடுல்கெல்லயில அந்தத் தண்ணிக் கான் மேல தூக்கிப் போட்டிச்சே அத்தான், அப்ப நான் தொண்ணூறுல போனேன்" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்குப் பார்க்கிற குரல். யசோதா தேநீர்த் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரைண்டர எடு" என்றான் ஸிபான். "வெட்டு."

கஜேந்திரன் சக்கரத்தைக் கழற்றினான், கையைக் கழற்றினான், வெட்டத் தொடங்கினான். பாதிகூட வெட்டவேண்டியிருக்கவில்லை. ஸிபான் அவன் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, சுத்தியலால் இலேசாக ஒரு தட்டுத் தட்டினான். பிரக்கட் தரையில் விழுந்து புரண்டது. ஸிபான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வெல்டிங் உருகி உள்ளே இறங்கவே இல்லை. இரும்பு, பெட்டியில் வந்த நாளில் இருந்த நீலப் பளபளப்போடு அப்படியே இருந்தது. மேலே தோல் மட்டும்தான் பிடித்திருந்தது. அந்தத் தோலிலும் பாதியைக் கிரைண்டர் தின்றுவிட்டிருந்தது.

அவன் அதை யுகேஷின் கையில் கொடுத்தான். யுகேஷ் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மத்தப் பதினஞ்சும் நான் போட்டதா?" என்று கேட்டான் ஸிபான்.

"நீ போட்டதுதான்."

"நான் எப்படி நம்புற?"

கஜேந்திரன் கிரைண்டரைக் கீழே வைத்தான். "எப்படி நம்புறதுன்னு எனக்குத் தெரியல."

ஸிபான் தலையை ஆட்டினான். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து ஒவ்வொரு பிரக்கட்டையும் நனைத்தான், ஊறவிட்டு, துடைத்தான். யசோதா திருநீற்றுத் தட்டை எடுக்கப்போக, "வேணாம் தங்கச்சி, அது சாமி சாமான். எனக்குப் பவுடர் இருந்தாத் தாங்க" என்றான். அவள் மேலேயிருந்து முகப்பவுடர் டின்னைக் கொண்டுவந்தாள். கராஜ் முழுவதும் மல்லிகை வாசம் பரவியது. பதினைந்து இடத்திலும் தூவிவிட்டு, நான்கு பேரும் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். தூறல் தொடங்கி நின்றது. லொறி நின்ற பக்கமாக யாரோ வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடித்தார்கள். அதற்கும் யாரும் எழுந்து போகவில்லை.

பதினைந்தும் வெள்ளையாகவே இருந்தன.

ஸிபான் தன் கையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பெட்டியைக் கிளறி, மிச்சமாக வந்திருந்த ஒரு தகட்டை எடுத்தான். குழாயைச் சுத்தமாகத் தேய்த்தான். அளவு பார்த்தான். ஆணியிலிருந்த முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு பொட்டு வைத்தான். இன்னொரு பொட்டு வைத்தான். மூன்றாவதுக்குக் கை போனது. நிறுத்தினான்.

"இண்டைக்கு ஏலாது" என்றான் முகமூடியைக் கழற்றி. "எனக்குக் கோவமா ஈக்கி. கோவத்துல போட்டா அது நிக்காது."

முகமூடியை அதே ஆணியில் மாட்டினான். தன் வெல்டிங் மெஷினை எடுக்கவில்லை. பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரைத் தொடாமல், சரிவில் ஏறினான். கை வைக்காதே என்று இந்தத் தடவை சொல்லவில்லை. எப்போது வருவேன் என்றும் சொல்லவில்லை. லொறி புறப்பட்டுக் கண்டிப் பக்கமாக இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

யுகேஷ் புதிய தகட்டுக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு பொட்டுகளையும் விரலால் தடவினான்.

"அத்தான். நாளைக்கும் தடம் தெறந்திருக்கும்."

கஜேந்திரன் சுத்தியலை எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

"மெஷின் இருக்கு. மாஸ்க் இருக்கு. ஒரே ஒண்ணுதான். மெதுவா, தேய்க்காம, நல்லா உருக்கி ஒட்டுங்க. பவுடர் போட்டுப் பாத்துக்கலாம். வேற லொறி நான் பாக்குறேன். ரெண்டரை வருஷம் அத்தான்."

"இல்ல" என்றான் கஜேந்திரன்.

சுவருக்குப் போய் மெஷினின் பிளக்கைக் கழற்றினான். வயரைச் சுற்றினான். பிறகு திரும்பி, யுகேஷ் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து, "ஸிபான் வந்து ஒட்டட்டும். வரலன்னா அது அப்படியே நிக்கட்டும்" என்றான்.

யசோதா மடியிலிருந்த உடைந்த பிரக்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியேறும்போது நின்றாள்.

"வருவாரா?"

"தெரியாது" என்றான் அவன், உடனே.